சிஹெச் 701 கிட் விமானம்: ஸ்லாட்டை விட்டுவிடலாமா?

வடக்குக்காற்று (ஒன்ராறியோ) எழுதியது:

வணக்கம் உறவுகளே. கராஜில் ஜெனித் சிஹெச் 701 கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இருக்கை, முழு அலுமினியம், ரோட்டாக்ஸ் 912 என்ஜின், 80 குதிரைத்திறன். வால் பகுதி முடிந்தது. இடது இறக்கையின் ரிப்கள் (குறுக்கு விலாக்கள்) ஸ்பாரில் (நீளவாட்டுத் தண்டில்) கிளிகோ என்ற தற்காலிகப் பிடிமானம் போட்டு நிற்கின்றன. முன்விளிம்புத் தகட்டைச் சுற்றி மூடுவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

இந்த விமானத்தின் அடையாளமே இறக்கைக்கு முன்னால் இடுக்கு விட்டு நிற்கும் அந்த அசையாத துணைப்பட்டை, ஸ்லாட்தான். ஆனால் அதைக் கழற்றிவிட்டு, இறக்கையின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்களை (காற்றில் சிறு சுழல்களை உண்டாக்கும் துடுப்புகள், சுருக்கமாக வி.ஜி.) ஒட்டிக்கொண்டு பறக்கிறவர்களும் நிறையப் பேர். வேகம் கூடுகிறது, ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்கும் திறனை இழக்கும் வேகம், பெரிதாக ஏறவில்லை என்கிறார்கள். நான் பறக்கப்போவது 600 மீட்டர் புல் ஓடுதளத்தில். ஆற்று மணலில் இறங்கும் எண்ணமெல்லாம் இல்லை. வார இறுதியில் மனைவியோடு ஹியூரன் ஏரிக்கரை வரை போய் வர வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் ஸ்லாட்டும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுகளும் எனக்கு எதற்கு?

இரண்டாவது கேள்வி எடை பற்றியது. இங்கே குளிருக்கு ஹீட்டர் கட்டாயம். அதோடு பெரிய டயர், பறப்புத் தகவல் காட்டும் இரண்டு திரை, உள்ளே மெத்தை வைத்த பலகைகள், நல்ல பெயிண்ட் என்று ஆசை நீள்கிறது. எங்கே நிறுத்துவது?

கணக்குப்பிள்ளை (சென்னை) எழுதியது:

வாழ்த்துகள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

701-ஐ கிறிஸ் ஹைன்ட்ஸ் வெளியிட்டது 1986-ல். கான்கார்டு வேலையில் இருந்தவர், பிரான்சில் ரோபான் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர், கனடாவுக்கு வந்து டி ஹாவிலண்டில் டேஷ் 7 விமானத்துக்குக் கட்டமைப்பு வலிமைக் கணக்குப் பார்த்தவர். டேஷ் 7 குட்டையான ஓடுதளத்துக்கென்றே செய்த பயணிகள் விமானம் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கையிலிருந்து வந்ததுதான் இந்தக் குட்டி.

எண்களைப் பாருங்கள். காலி எடை 263 கிலோ, அதிகபட்ச எடை 500 கிலோ. ஏற்றுவதற்கு மிஞ்சுவது 237. உங்கள் இருவருக்கும் உடை, காலணியோடு ஆளுக்கு 85 கிலோ வையுங்கள், 170 போயிற்று. இறக்கையிலுள்ள இரண்டு டேங்கும் நிறைந்தால் ஏறத்தாழ 76 லிட்டர், அது 55 கிலோ. பாக்கி 12 கிலோ. இரண்டு பேர், முழு டேங்க், ஒரு பை. அத்தோடு தீர்ந்தது. உங்கள் ஹீட்டர், டயர், திரை, மெத்தை எல்லாம் இந்தப் பன்னிரண்டுக்குள் வர வேண்டும். பெயிண்ட் மட்டுமே தாராளமாக அடித்தால் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

ஐரோப்பாவில் பல வருடங்கள் இரண்டு இருக்கை மைக்ரோலைட்டுக்கு (அல்ட்ராலைட் என்றும் சொல்லும் மிக இலகு விமானம்) 450 கிலோதான் எல்லையாக இருந்தது. இதே விமானத்தை அங்கே வைத்துப் பாருங்கள்: 450-ல் 263 போனால் 187, இரண்டு பேர் போனால் 17 கிலோ. பெட்ரோல் 23 லிட்டர். 912 மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். அரை மணி நேர ரிசர்வைத் தனியே வைத்தால் ஒரு மணி நேரம் பறக்கலாம். இருபது கிலோவுக்கு அலங்காரம் செய்தவர் சட்டப்படி மனைவியை ஏற்றவே முடியாது, டேங்க் காலியாக இருந்தாலும். இரண்டு இருக்கை அல்ட்ராலைட்டின் வடிவமைப்பு என்பது கடைசியில் இந்த ஒரு கழித்தல் கணக்குதான். இறக்கை, என்ஜின், வால் எல்லாம் இதற்குப் பிறகு.

வடக்குக்காற்று எழுதியது:

இங்கே அட்வான்ஸ்டு அல்ட்ராலைட் பிரிவில் 560 கிலோ வரை அனுமதி இருக்கிறதே? அந்த அறுபது கிலோ எனக்கு உதவாதா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சட்டம் தரும் எல்லை வேறு, இறக்கை தரும் எல்லை வேறு. ஹைன்ட்ஸ் 500 கிலோவுக்கு 6 ஜி, அதாவது எடையைப் போல் ஆறு மடங்கு சுமை, என்று முறியும் வரம்பை வைத்தார். பாதுகாப்புக் காரணி ஒன்றரையால் வகுத்தால், பறக்கும்போது தாங்க வேண்டியது 4 ஜி. அதே ஸ்பார், இறக்கையைத் தாங்கும் அதே சாய்வுக் கம்பி (ஸ்ட்ரட்), ஆனால் 560 கிலோ என்றால் 4 என்பது 3.6-க்கு இறங்கிவிடும். வெயில் நேரத்துக் குலுக்கலில் அந்த வித்தியாசம் உங்கள் பக்கம் இருக்க வேண்டியது. தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த எடைதான் உங்கள் எடை. 560-ஐ மறந்துவிடுங்கள்.

புதுஇறகு (கோயம்புத்தூர்) எழுதியது:

சார், நான் ஏரோநாட்டிகல் மூன்றாம் ஆண்டு. ஸ்லாட் எதற்கு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், இடுக்கு வழியாகக் காற்று வேகமாகப் பாய்ந்து, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படலத்துக்குச் சக்தி கொடுக்கிறது என்று. வோர்டெக்ஸ் ஜெனரேட்டரும் எல்லைப்படலத்துக்குத்தானே சக்தி கொடுக்கிறது? அப்படியானால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வைத்தால் என்ன? இன்னொன்று, 701-ன் படுக்கை வாலைத் தலைகீழாக வைத்திருக்கிறார்களே, அது ஏன்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இந்த இடுக்கு விளக்கம் பாதிதான் சரி. 1975-ல் ஏ.எம்.ஓ. ஸ்மித் இதைத் தெளிவாக எழுதிவிட்டார். ஸ்லாட் தானே ஒரு குட்டி இறக்கை. அதைச் சுற்றி உண்டாகும் சுழற்சி, பின்னால் இருக்கும் பெரிய இறக்கையின் மூக்கில் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. மூக்கில் வேகம் குறைந்தால் அங்கே உருவாகும் உறிஞ்சல் உச்சமும் தணிகிறது. உச்சத்திலிருந்து பின்விளிம்பு வரை காற்று ஏற வேண்டிய அழுத்த மேடு அந்த அளவுக்குத் தாழ்ந்துபோகிறது, அதனால் இறக்கையை இன்னும் நிமிர்த்தினாலும் காற்று பிரியாமல் ஒட்டியிருக்கிறது.

வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் அந்த மேட்டைத் தாழ்த்துவதில்லை. வெளியே ஓடும் வேகமான காற்றைக் கீழே இழுத்துக் கலந்து, களைத்துப்போன எல்லைப்படலத்தை அதே மேட்டில் இன்னும் கொஞ்சம் ஏற வைக்கிறது. இரண்டும் பயன் தரும், ஆனால் ஒரே அளவு தராது. ஸ்லாட் இருந்தால் விமானத்தின் மூக்கை மிகச் செங்குத்தாகத் தூக்கலாம். வி.ஜி. மட்டும் இருந்தால் அதற்குச் சில பாகைகள் முன்பே ஸ்டால் வந்துவிடும்.

ஸ்லாட்டை உள்ளே வெளியே நகரும்படி செய்தால் க்ரூஸில் (நேராகப் பறக்கும் பயண வேகத்தில்) இழுவை இருக்காது. ஆனால் அதற்குத் தண்டவாளம், உருளை எல்லாம் வேண்டும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1936-ல் பறந்த ஃபீஸலர் ஷ்டார்க் என்ற ஜெர்மன் விமானம் முன்விளிம்பு முழுக்க அசையாத ஸ்லாட்டைத்தான் வைத்தது. கராஜில் கட்டுகிறவருக்கு அசையும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஹைன்ட்ஸும் அந்த வழியில்தான் போனார். செவ்வக இறக்கையும் அப்படித்தான். நுனி குறுகாததால் நடுப்பகுதி ரிப்கள் எல்லாம் ஒரே அச்சு. போதாததற்கு, செவ்வக இறக்கையில் ஸ்டால் உடல் பக்கத்தில்தான் தொடங்கும். நுனியில் உருட்டும் கட்டுப்பாடு கடைசி வரை மிஞ்சும்.

வால் விஷயம் இதோடு சேர்ந்தது. இறக்கையின் தூக்குக் கெழு (எவ்வளவு பலமாகத் தூக்குகிறது என்பதைச் சொல்லும் எண்) மூன்றைத் தொடும்போது, ஃபிளாப்பரான் (பின்விளிம்பில் தொங்கி, தூக்கவும் உருட்டவும் உதவும் பரப்பு) கீழே இறங்கியிருக்கும்போது, மூக்கு கீழே குத்தப் பார்க்கும். அதை நிமிர்த்திப் பிடிக்க வால் பலமாகக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். எப்போதும் கீழே அழுத்தும் இறக்கையைத் தலைகீழாக வைப்பதுதானே நியாயம்? செங்குத்து வால் முழுக்கத் திரும்புவதும் மெதுவான வேகத்தில் போதுமான பிடி கிடைக்கத்தான். விலை என்னவென்றால், அசையாத ஃபின் இல்லாததால் காலை எடுத்துவிட்டால் மூக்கு தானாக நேராகும் குணம் குறைவு. பாதம் பெடலை விட்டு நகரக் கூடாது.

சவன்னாக்காரன் (குயின்ஸ்லாந்து) எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன். நான் பறப்பது ஐசிபி சவன்னா வி.ஜி. 701-ன் வழி வந்த இத்தாலிய விமானம்தான். முதலில் வந்த சவன்னாக்களில் ஸ்லாட் இருந்தது, அப்புறம் தொழிற்சாலையே அதை எடுத்துவிட்டு வி.ஜி. வைத்து விற்க ஆரம்பித்தது. ஆகவே இது யாரோ கராஜில் செய்த விபரீதம் இல்லை. ஸ்லாட் இல்லாத விமானம் என்ஜின் நின்றால் நன்றாக மிதந்து வருகிறது. மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, முன்னால் எதுவும் தெரியாமல் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. பசுவின் மேல் இறங்கினாலும் தெரியாத கோணம் அது. இங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையில் தூரம் அதிகம், மணிக்குப் பத்து கிலோமீட்டர் கூடினாலும் பெட்ரோலில் தெரிகிறது. 600 மீட்டர் புல்தரை இருக்கிறவருக்கு ஸ்லாட் வீண் சுமை என்பதே என் கருத்து.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மிதப்பு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சவன்னாவின் இறக்கை 701-ன் இறக்கையை விட நீளம். ஸ்லாட்டை எடுத்ததை அந்த நீளம் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. 701-ல் அந்த நீளம் இல்லை. நுனிக்கு நுனி 8.2 மீட்டர், 11.4 சதுர மீட்டர் பரப்பு. சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

தயாரிப்பாளர் ஸ்லாட்டும் ஃபிளாப்பரானும் சேர்ந்து தூக்குக் கெழு 3.1 வரை போகும் என்கிறார். கடல்மட்டக் காற்றில் 500 கிலோவைத் தாங்க அப்போது வேண்டிய வேகம் வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். விளம்பரத்தில் சொல்லும் ஸ்டால் வேகம் மணிக்கு 30 மைல், 48 கிலோமீட்டர். அந்த 48 எப்போது வரும்? எடை 400 கிலோவாக இருந்தால் வரும். ஒரே ஆள், கொஞ்சம் பெட்ரோல். வீடியோக்களில் கைக்குட்டை அளவு இடத்தில் இறங்குகிறவர்கள் எல்லாரும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள், பாருங்கள்.

இப்போது ஸ்லாட் இல்லாமல், வி.ஜி.யோடு கெழு 2.4 என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம். 500 கிலோவில் ஸ்டால் மணிக்கு 62 கிலோமீட்டர் ஆகிறது. எட்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். இறங்கிய பின் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 30 சதவீதம் அதிகம். 600 மீட்டர் புல்தரையில் அது ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்ஜின் நின்று சோளக்காட்டில் இறங்கும் நாளில் உங்களுக்கு ஓடுதளம் கிடையாது. அந்த 30 சதவீதம் உங்கள் முதுகெலும்பின் கணக்கு.

வேகத்தில் என்ன லாபம்? 701 மணிக்கு 80 மைலில், 129 கிலோமீட்டரில் போகிறது. அந்த வேகத்தில் இழுவையின் பெரும்பகுதி ஸ்ட்ரட், சக்கரம், தொங்கும் ஃபிளாப்பரான், தடித்த இறக்கை, சதுரமான கேபின் எல்லாம் சேர்ந்தது. தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். ஸ்லாட்டை எடுத்து மொத்த இழுவையில் பத்து சதவீதம் குறைந்தால் வேகம் மூன்றரை சதவீதம்தான் கூடும், மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். ஹியூரன் ஏரிக்கரைக்கு நூறு கிலோமீட்டர் என்றால் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேரலாம்.

மிதப்பு பற்றி. ஸ்லாட் உள்ள 701-ஐ ஸ்டால் ஓரத்தில் வைத்தால் சறுக்கு விகிதம் நான்குக்கு ஒன்றுதான். இறக்கை குட்டையாக இருப்பதால் தூண்டல் இழுவை, அதாவது தூக்குவதற்கு விலையாக வரும் இழுவை, பயங்கரமாக ஏறுகிறது. வினாடிக்கு மூன்றரை மீட்டர் கீழே விழுந்துகொண்டிருப்பீர்கள், மூக்கை மேலே இழுத்து அதை நிறுத்த இறக்கையில் மிச்சம் எதுவும் இருக்காது. அப்போதுதான் லேண்டிங் கியரின் அலுமினியப் பட்டை வளைகிறது. அதையே மணிக்கு 70-ல் வந்தால் கெழு சுமார் 1.9, கடைசி நேரத்தில் 3.1 வரை இழுக்க இடம் இருக்கிறது. ஸ்லாட்டின் குறை என்று பலர் சொல்வது உண்மையில் மிக மெதுவாக வந்ததன் விளைவு. த்ராட்டில் மூடியிருக்கும்போது மெதுவாக வராதீர்கள். ஸ்லாட்டைக் கைவிடாமலே மிதப்பும் கிடைக்கும்.

ஹேங்கர்வாசி (பெங்களூரு) எழுதியது:

விமானப் பராமரிப்பில் ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் ராஜ் ஹம்சா நிறுவனம் எக்ஸ்-ஏர் கிட்களைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிய காலத்தில் அந்த வகை விமானங்களை நிறையத் தொட்டிருக்கிறேன். அலுமினியக் குழாய், போல்ட், தைத்து மாட்டும் டேக்ரான் உறை. இரும்புப் பட்டறை தெரிந்த யாரும் கட்டிவிடலாம், எடையும் குறைவு. ஆனால் நம் வெயிலில் துணியின் ஆயுள் வெளியே நிறுத்துகிறவர் கையில் இல்லை. 701-ன் 6061-டி6 அலுமினியக் கலவைத் தகடு அந்தக் கவலையைத் தீர்க்கிறது. 2024 என்ற இன்னொரு கலவையை விட வலிமை குறைவு, ஆனால் அரிப்பைத் தாங்குவதில் பொறுமை அதிகம். வளைக்கவும் பிளைண்ட் ரிவெட் போடவும் ஒரே ஆள் போதும்.

நான் சொல்ல வந்தது வேகம் பற்றி. ஸ்லாட்டைக் கழற்றி, 100 குதிரைத்திறன் 912 யுஎல்எஸ் மாட்டி, சக்கரத்துக்குக் கவசம் போட்டு வேகமெடுக்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தாண்டக் கூடாத வேகம் மணிக்கு 110 மைல்தான், 177 கிலோமீட்டர். ஸ்லாட் போனதால் அது ஏறாது. கட்டுப்பாட்டுப் பரப்பு அதிர்ந்து கிழிகிற ஃப்ளட்டருக்கு விமானத்தின் குதிரைத்திறன் தெரியாது. அதே வடிவமைப்பாளரின் வேறு விமானமான 601 எக்ஸ்எல் வானத்திலேயே உடைந்த விபத்துகளுக்குப் பிறகு, 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைக்கச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் இறக்கைக் கட்டமைப்பை வலுப்படுத்தவும் எய்லரானுக்கு (விமானத்தை உருட்டும் பரப்பு) சமன் எடை வைக்கவும் மாற்றங்கள் வந்தன. 701 வேறு இறக்கை, ஸ்ட்ரட் உள்ளது, அதை இதோடு குழப்ப வேண்டாம். ஆனால் வரைந்தவர் நினைக்காத வேகத்துக்கு இந்த மெல்லிய தகட்டை அழைத்துப் போகாதீர்கள் என்பதற்கு இதை விட வேறு சாட்சி தேவையில்லை. உயரத்தில் இன்னும் கவனம். ஃப்ளட்டரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உண்மையான காற்று வேகம். மீட்டர் காட்டும் எண்ணை விட அது உயரே போகப் போக அதிகம்.

இன்னொன்று, ஸ்லாட் இறக்கையின் முன்பக்கப் பரப்பு. அதை எடுத்தால் தூக்குவிசை மையம் பின்னால் நகரும், மூக்கு கனத்தது போல ஆகும். ஈர்ப்பு மையக் கணக்கைப் பழைய எல்லையோடு ஒப்பிட முடியாது. அந்த எல்லைகளை ஸ்லாட் உள்ள இறக்கைக்குத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சவன்னாக்காரன் எழுதியது:

ஃப்ளட்டர் பற்றிச் சொன்னது சரி ஐயா, நானும் அந்த எல்லைக்குக் கீழேதான் பறக்கிறேன். சவன்னாவின் அனுபவத்தை 701-க்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஸ்லாட்டைப் பின்னால் கழற்றிப் பார்க்கும் வாய்ப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்றே வடக்குக்காற்றுக்குச் சொல்வேன்.

வடக்குக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பின்னால் கழற்றும் வாய்ப்பைப் பற்றியும் விசாரித்தேன். ஸ்லாட் பிராக்கெட்டில் போல்ட் மூலம்தான் நிற்கிறது, பிராக்கெட் மட்டும்தான் மூக்கு ரிப்போடு ரிவெட் ஆகிறது. பிராக்கெட்டை இப்போது வைத்துவிட்டால் ஸ்லாட்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். தகட்டை மூடிய பிறகு பிராக்கெட் வைப்பதுதான் பெரிய பாடு. அதோடு, அட்வான்ஸ்டு அல்ட்ராலைட்டாகப் பதிவு செய்தால் தயாரிப்பாளர் அனுமதிக்காத மாற்றம் எதையும் செய்யக் கூடாது. பேசிக் அல்ட்ராலைட் பிரிவில் போட்டால் மனைவியைப் பயணியாக ஏற்ற முடியாது, அவர் விமானி இல்லை. ஆக ஸ்லாட்டோடு, வரைந்தபடியே கட்டுகிறேன்.

எடைக்கு ஒரு தீர்மானம். ஹீட்டர் வேண்டும். ஒரு திரை போதும். மெத்தைப் பலகை இல்லை. உள்ளே பெயிண்டும் இல்லை, தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் மட்டும் பிரைமர். பெரிய டயர் வேண்டாம், புல்தரைக்குச் சாதாரண டயரே போதும்.

ஹேங்கர்வாசி எழுதியது:

நல்ல முடிவு. பிராக்கெட் வைக்கும்போது ஒரு விஷயம். ஸ்லாட்டுக்கும் இறக்கையின் மூக்குக்கும் இடையிலுள்ள இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்றிருந்தால் ஒரு இறக்கை முந்தி ஸ்டால் ஆகும், விமானம் அந்தப் பக்கம் சாயும். வரைபடத்திலுள்ள இடுக்கு அளவுக்குச் சின்ன மரக்கட்டை ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிராக்கெட்டிலும் ஸ்லாட்டைத் தற்காலிகமாக மாட்டி, அந்தக் கட்டை தடையில்லாமல் ஆனால் ஆடாமல் நுழைகிறதா பாருங்கள். கட்டையின் ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் தகட்டில் கீறல் விழும், கீறலில்தான் விரிசல் தொடங்கும். துளையின் பிசிறையும் விரல் நுனியால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

விமானம் முடிந்ததும் மூன்று சக்கரத்தின் கீழும் தராசு வைத்து, மூக்கை மட்டமாக்கி, ஹேங்கர் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்துங்கள். காற்று அடித்தால் இந்த இறக்கை தராசிலேயே எடையைத் தூக்கிவிடும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த எடை வந்ததும் இங்கே போடுங்கள். 263-க்கு மேல் எத்தனை ஏறியிருக்கிறது என்று பார்த்து, உங்கள் ஸ்டால் வேகத்தையும், இறங்க வரும்போது வைக்க வேண்டிய அணுகு வேகத்தையும் ஒருவர், இருவர் என்று தனித்தனியாகப் போட்டுத் தருகிறேன். அதைக் காக்பிட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஹேங்கர்வாசி எழுதியது:

அதற்கு முன்னால் இடது இறக்கைக்கு ரிவெட் அடிப்பதற்குள் பிராக்கெட் அளவுகளை எழுதி, படம் எடுத்துப் போடுங்கள். வலது இறக்கைக்கும் அதே அளவு வருகிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.